பிழை கண்டு திருத்திய பேரறிஞர் ஹாமிங்

மாந்தர் இயற்றுவன யாவற்றினும் பிழை நேர்தல் இயல்பு. தாம் செய்த காரியத்தில் பிழையே இல்லை என்று மார்தட்டுவார் உளராயின், அவர் அதனை மீட்டும் ஒரு முறை பார்த்திலர் என்றே கொள்ளல் வேண்டும். பிழை உண்டு என்று அறிதல் ஒன்று. அஃது எவ்விடத்தே உளது என்று காண்டல் பிறிதொன்று. கண்டதனைச் செவ்வையாகத் திருத்துதல் மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றே போலத் தோன்றினும் தம்முள் பெரிதும் வேறுபட்டவை. இவ்வேறுபாட்டைக் கணித நெறியால் விளக்கி, யந்திரம் தன் பிழையைத் தானே கண்டு தானே திருத்திக்கொள்ளுமாறு வழி வகுத்தவர் ரிச்சர்டு வெஸ்லி ஹாமிங் என்னும் அமெரிக்க அறிஞர். நம் கலாசாலை மாணாக்கர் நாள்தோறும் கணினியின்முன் அமர்ந்து எழுதியும் படித்தும் வருகின்றனர். அவர்தம் எழுத்துக்கள் சிதையாமல் நிலைநிற்றற்குக் காரணராயினாருள் ஒருவரின் வரலாற்றை அறிதல் அவர்க்குப் பெரும்பயன் தருமாதலின், அதனைச் சுருக்கி ஈண்டு வரைவாம்.

பிறப்பும் கல்வியும்

ஹாமிங் 1915ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 11ஆம் நாள் சிகாகோ நகரில் பிறந்தார். இளமையில் அவர் விரும்பியது பொறியியற் கல்வியையே. ஆனால் நாடெங்கும் பொருள் முடை மிக்கிருந்த அக்காலத்தில், உதவிச்சம்பளம் தந்து அவரை ஏற்க முன்வந்தது சிகாகோ சர்வகலாசாலை ஒன்றே. அங்கே பொறியியற் பகுதி இல்லை. ஆதலின் அவர் கணிதத்தை மேற்கொண்டார். விரும்பியது கிட்டாமற் போயினமை கேடாகத் தோன்றினும், அதுவே தமக்கு நன்மையாய் முடிந்தது என்று பிற்காலத்தில் அவர் கருதினார். 1937இல் சிகாகோவிலும் 1939இல் நெப்ராஸ்காவிலும் பட்டங்கள் பெற்று, 1942இல் இல்லினாய் சர்வகலாசாலையில் வகைக்கெழுச் சமன்பாடுகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக டாக்டர் பட்டமும் எய்தினார். அவ்வாண்டிலேயே வாண்டா லிட்டில் என்னும் நங்கையாரை மணந்தார். பின்னர்ச் சில காலம் இல்லினாயிலும், அதன்பின் லூயிவில் நகரிலும் ஆசிரியராய் அமர்ந்து கணிதம் கற்பித்தார்.

போர்க்காலப் பணி

இரண்டாம் உலகப் பெரும்போர் நடந்துகொண்டிருந்த 1945ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நியூ மெக்சிக்கோ மாகாணத்து லாஸ் அலமாஸ் என்னும் இடத்திற்கு அவர் அழைக்கப்பட்டார். அணுகுண்டு ஆக்கும் பணி அங்கே மறைவாக நிகழ்ந்துகொண்டிருந்தது. பேரறிஞர் பலர் எழுதித் தந்த சமன்பாடுகளை ஐபிஎம் கணக்கு யந்திரங்களில் இட்டு விடை காணும் வேலை ஹாமிங்கின் பொறுப்பாயிற்று. அவர்தம் மனைவியாரும் பின்னர் அங்கே சென்று, கைக்கணக்குச் செய்வோருள் ஒருவராகப் பணிபுரிந்தார்.

அங்கே நிகழ்ந்த ஒரு செய்தி அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. முதற் குண்டினை வெடித்துச் சோதிப்பதற்குச் சிறிது முன்னர், ஒருவர் ஒரு கணக்கினைக் கொணர்ந்து அதனைச் சரிபார்த்துத் தருமாறு வேண்டினர். அஃது எதனைப் பற்றியது என்று வினவியபொழுது, அக்குண்டினால் இவ்வுலகைச் சூழ்ந்த காற்று மண்டலம் முழுவதும் பற்றி எரியுமோ என்பதைக் கணிப்பது என விடை வந்தது. ஹாமிங் கணக்கினைச் சரிபார்த்தார். கூட்டல் பெருக்கல்களில் குற்றம் இல்லை. ஆயினும் அக்கணக்கிற்கு அடிப்படையான சூத்திரங்கள் மெய்யோ என்பதைத் தாம் சரிபார்க்க வழியில்லை என்று அவர் உணர்ந்தார். அத்துணை வெப்பநிலையில் அதற்குமுன் எவரும் சோதனை செய்து பார்த்திலர். 1945 ஜூலை 16ஆம் நாள் சோதனை நடந்தது, காற்று பற்றவில்லை. ஆயினும் கணக்கு ஒன்றோடொன்று முரணாமல் இருத்தல் வேறு, அஃது உண்மையோடு பொருந்தி இருத்தல் வேறு என்னும் பாடத்தை அவர் வாணாள் முழுதும் மறந்திலர்.

இழந்த இரு வாரங்கள்

1946ஆம் ஆண்டு ஹாமிங் பெல் தொலைபேசி ஆராய்ச்சிச் சாலையிற் சேர்ந்தார். தகவல் இயலின் தந்தை எனப் போற்றப்படும் கிளாடு ஷானன் என்பாரும் அங்கே இருந்தார். இருவரும் சில காலம் ஒரே அறையில் இருந்து பணிபுரிந்தனர். அக்காலத்தில் அங்கிருந்த கணிப்பு யந்திரம், தொலைபேசி நிலையங்களில் வழங்கிய ரிலே என்னும் மின்தொடுப்பான்களைக் கொண்டு சமைக்கப்பட்டது. ஏறத்தாழ 9,000 ரிலேக்கள் அதனுள் இருந்தன. ஒன்றேனும் தவறுமாயின் விடை முழுவதும் பிழைபடுமாதலின், தவற்றைக் கண்டுகொள்ளும் சூழ்ச்சி ஒன்று அதில் அமைக்கப்பட்டிருந்தது. ஓர் எண்ணைக் குறிக்க ஐந்து இடங்களை வைத்து, அவற்றுள் இரண்டே இரண்டு இடங்கள் நிரம்பியிருத்தல் வேண்டும் என விதித்தனர். ஒன்றோ மூன்றோ நிரம்பியிருந்தால் பிழை நேர்ந்தது என யந்திரம் உணரும். வேலை நாளாயின் அது நின்று பிழை நேர்ந்தமையை அறிவிக்கும். ஆட்கள் வந்து செப்பஞ் செய்வர். விடுமுறை நாளாயின், வருவார் இன்மையால், அக்கணக்கினைக் கைவிட்டு அடுத்த கணக்கிற்குப் போய்விடும்.

ஹாமிங்கிற்கு அவ்யந்திரம் வார இறுதி நாட்களிலேயே கிடைத்தது. 1947ஆம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை தம் கணக்குகளை யந்திரத்திடம் ஒப்புவித்துச் சென்றவர், திங்கட்கிழமை வந்து பார்த்தபொழுது யாதொரு விடையும் இல்லை. இடையே நேர்ந்த பிழையால் யந்திரம் அவர் கணக்கினைக் கைவிட்டிருந்தது. அடுத்த வாரமும் அவ்வாறே ஆயிற்று. அவருக்குச் சினம் பொங்கிற்று. எனினும் அச்சினத்தை அவர் யந்திரத்தின்மீதோ அதனை மேற்பார்ப்போர்மீதோ காட்டி ஒழிந்தாரல்லர்; அதனை ஒரு வினாவாக மாற்றிக்கொண்டார். பிழை உண்டு என்று அறியவல்ல யந்திரம், அஃது எவ்விடத்தே உளது என்று ஏன் அறிதல் கூடாது? இடம் அறியின், அதனைத் திருத்திக்கொண்டு மேற்செல்ல ஏன் இயலாது? இவ்வினாவே அவர்தம் புகழுக்கு வித்தாயிற்று.

ஏழு இலக்கங்களின் திறம்

அவர் கண்ட நெறியை ஒரு சிறு எடுத்துக்காட்டால் விளக்குவாம். கணினியின் எழுத்துக்கள் யாவும் 0, 1 என்னும் இரு குறிகளால் ஆயவை. அனுப்ப வேண்டுவன 1, 0, 1, 1 என்னும் நான்கு குறிகள் என்க. ஏழு இடங்களை வரிசையாக வைத்து, 3, 5, 6, 7ஆம் இடங்களில் இந்நான்கினையும் முறையே எழுதுக. எஞ்சிய 1, 2, 4ஆம் இடங்கள் காவற்குறிகளுக்கு உரியவை. முதற் காவலன் 1, 3, 5, 7ஆம் இடங்களையும், இரண்டாங் காவலன் 2, 3, 6, 7ஆம் இடங்களையும், மூன்றாங் காவலன் 4, 5, 6, 7ஆம் இடங்களையும் காப்பர். ஒவ்வொருவரும் தத்தம் எல்லையில் உள்ள ஒன்றுகளின் தொகை இரட்டைப்படையாகுமாறு தம் குறியை இடுதல் வேண்டும். அங்ஙனம் இட்டால் 0, 1, 1, 0, 0, 1, 1 என வரிசை அமையும்.

இனி, வழியில் ஆறாம் இடத்துக் குறி 1 என்பது 0 எனத் திரிந்தது என்க. முதற் காவலன் எண்ணிப் பார்த்து இரட்டை எனக் கூறுவான். அவன் எல்லையில் ஆறாம் இடம் இல்லை. இரண்டாங் காவலனும் மூன்றாங் காவலனும் ஒற்றை எனக் கூவுவர். கூவிய இருவரும் நிற்கும் இடங்கள் 2, 4. இவற்றைக் கூட்ட வருவது 6. ஆறாம் இடத்தே பிழை என்பது வெளிப்படை. அங்குள்ள 0 என்பதை 1 ஆக்கினால் பிழை தீர்ந்தது. எவ்விடத்துப் பிழை நேரினும், காவற்குறியிலேயே நேரினும், இவ்வாறே கூட்டல் ஒன்றினால் அதன் இடம் புலனாகும். இதன் எளிமையும் அழகும் நோக்குந்தோறும் வியப்பை விளைப்பன.

இந்நெறியின் உயிர் யாது? வேண்டியதற்கு மேலாகச் சிறிது சேர்த்து எழுதுதலே. பழஞ்சுவடிகளைப் பெயர்த்தெழுதுவோர் செய்யுளில் ஒரு சீரைப் பிறழ எழுதினால், எதுகை குன்றியோ தளை தட்டியோ அப்பிழை வெளிப்படும். கற்றோர் யாப்பினைக் கொண்டே உரிய சொல்லை ஊகித்துக் கொள்வர். உரைநடையில் அத்தகைய காவல் இல்லை. யாப்பு சுமை போலத் தோன்றினும் செய்யுளைக் காப்பது அதுவே. ஹாமிங் எண்களுக்கு ஒரு யாப்பு வகுத்தார் என்று கூறினும் பொருந்தும். இரு வரிசைகள் எத்தனை இடங்களில் வேறுபடுகின்றனவோ அத்தொகையை அவற்றிடையே உள்ள தொலைவு என அவர் கொண்டார்; அஃது இன்றும் ஹாமிங் தொலைவு என்றே வழங்கப்படுகின்றது. வழங்கும் வரிசைகள் யாவும் தம்முள் குறைந்தது மூன்று இடங்களில் வேறுபடுமாயின் ஒரு பிழையைத் திருத்தலாம். நான்கு இடங்களாயின் ஒரு பிழையைத் திருத்துவதோடு இரு பிழைகள் நேர்ந்தமையையும் அறியலாம்.

காப்புரிமை பற்றிய ஏற்பாடுகளால் அவர்தம் கட்டுரை உடனே வெளிவரவில்லை. 1950ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலேயே பெல் நிறுவனத்தின் பொறியியற் பத்திரிகையில் வெளியாயிற்று. அதற்குமுன் 1948இல் ஷானன் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் இந்த ஏழு இலக்க முறை ஹாமிங்கின் பெயரோடு எடுத்துக்காட்டப்பெற்றிருந்தது.

திருத்தத்தின் எல்லை

இவ்வரலாற்றில் மாணாக்கர் கூர்ந்து நோக்கற்பாலது ஒன்று உண்டு. மேற்காட்டிய வரிசையில் ஆறாம் இடமும் ஏழாம் இடமும் ஒருங்கே திரிந்தன என்க. அப்பொழுது முதற் காவலன் மட்டுமே கூவுவான். ஏனை இருவரும் வாளா இருப்பர். யந்திரம் முதலாம் இடத்தே பிழை எனக் கருதி, குற்றமற்ற அவ்விடத்தை மாற்றும். இரு பிழைகள் மூன்றாகும். பிழை திருத்தப்பட்டது என்ற நம்பிக்கையும் உடன் பிறக்கும். திருத்தாது விட்டிருப்பின் நேராத கேடு திருத்தத்தால் நேர்ந்தது. இவ்விடரை ஹாமிங் அறிந்திருந்தார். ஏழு இடங்களுக்கும் பொதுவாக எட்டாவது காவற்குறி ஒன்றைச் சேர்த்தால், இரு பிழைகள் நேர்ந்தவிடத்து யந்திரம் பிழை உண்டு என்று மட்டும் கூறித் திருத்த முற்படாது நிற்கும். திருத்தவல்லதைத் திருத்துதலும், திருத்தலாகாததைத் தொடாது நிற்றலும் ஆகிய இரண்டும் கூடியதே அவர் வகுத்த நெறி. இன்று பெருங்கணினிகளின் நினைவகத்தில் 64 குறிகளுக்கு 8 காவற்குறிகள் சேர்த்து 72 ஆக வைப்பது இந்நெறி பற்றியே.

வட்டும் கோப்பும்

அவர் விதைத்த கருத்து இன்று கணினியின் வட்டுக்களிலும் தழைத்து நிற்கின்றது. வட்டில் எழுதப்படும் ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் காவற்குறிகள் சேர்க்கப்படுகின்றன. அவை ஹாமிங்கின் பின்வந்தோர் கண்ட வலிமை மிக்க முறைகளால் ஆயவை; எனினும் மூலக்கருத்து ஒன்றே.

இனி, குறிகள் யாவும் செவ்வையாக இருப்பினும், கோப்புக்களின் ஒழுங்கு குலைந்து போதல் உண்டு. எந்தக் கோப்பு எந்தக் கட்டங்களில் உளது, எந்தக் கட்டங்கள் வெறுமையாக உள, ஒரு கோப்பிற்கு எத்தனை பெயர்கள் உள என்பனவற்றைக் கணினி தனித்தனிப் பட்டியல்களில் எழுதி வைக்கின்றது. ஒன்றை எழுதி மற்றொன்றை எழுதுமுன் மின்சாரம் நின்றுவிடின் அவை தம்முள் முரண்படும். 1969இல் பெல் ஆராய்ச்சிச் சாலையில் யூனிக்ஸ் என்னும் முறை தோன்றியது. ஹாமிங் அப்பொழுதும் அங்கே இருந்தார். அம்முறைக்கென 1970களின் பிற்பகுதியில் எஃப்எஸ்சிகே என்னும் கட்டளை அமைந்தது. அதனை இயற்றியவர் ஹாமிங் அல்லர். ஆயினும் அது செய்யும் வேலையை நோக்குவார்க்கு அவர்தம் நெறியின் சாயல் புலனாகும். கோப்புக்கள் தமக்குரியன எனக் கூறும் கட்டங்களையெல்லாம் எண்ணி, வெறுங் கட்டங்களின் பட்டியலோடு அது ஒப்பு நோக்கும். அடைவுகளில் உள்ள பெயர்களை எண்ணி, கோப்பின் குறிப்பில் எழுதிய தொகையோடு ஒப்பு நோக்கும். ஒரே செய்தி இரண்டிடத்தே இருத்தலின் முரண்பாடு வெளிப்படும், வெளிப்பட்டதைத் திருத்தும். பெயரிழந்து கிடக்கும் கோப்புக்களைத் தனியானதோர் அடைவில் எடுத்து வைக்கும்.

இக்கட்டளையை வழங்குவோர்க்கும் ஹாமிங்கின் பாடம் உரியதே. வட்டு வழக்கில் இருக்கும்பொழுது அதனைத் திருத்த முற்படுதல் பெருங்கேடு; ஓடுகின்ற தேரின் அச்சைக் கழற்றுதலை அஃது ஒக்கும். முதற்கண் வட்டினைக் கணினியின் வழக்கினின்று விலக்குதல் வேண்டும். பின்னர், யாதொன்றையும் மாற்றாது சோதித்து மட்டும் கூறுமாறு கட்டளையிடுதல் வேண்டும். முரண்பாடு மிகுதியாயின் அவ்வட்டினை அப்படியே வேறொன்றிற் படியெடுத்துக்கொண்ட பின்னரே திருத்தப் புகுதல் வேண்டும். கேட்கும் வினாக்கள் யாவற்றிற்கும் ஆம் ஆம் என்று விடையிறுத்துச் செல்லும் அவசரக்காரர், குற்றமற்ற இடத்தை மாற்றிய யந்திரத்தினும் மேம்பட்டவர் ஆகார். திருத்தம் முடிந்ததும் பட்டியல்கள் தம்முள் பொருந்தும். ஆனால் கோப்பினுள் எழுதியிருந்த செய்தி மீண்டது என்பதற்கு அஃது உறுதியன்று. செய்திக்கு மறுபடி இல்லையேல் எந்தக் கட்டளையும் அதனைப் படைத்துத் தர வல்லதன்று. கணக்கு முரணாமை வேறு, உண்மை வேறு என்று லாஸ் அலமாஸில் ஹாமிங் கண்டது இங்கும் மெய்யாகின்றது.

பிற்கால வாழ்வு

ஹாமிங் பெல் ஆராய்ச்சிச் சாலையில் முப்பது ஆண்டுகள் பணிபுரிந்தார். 1958 முதல் 1960 வரை அமெரிக்கக் கணிப்பு யந்திரச் சங்கத்தின் தலைவராய் விளங்கினார். 1968இல் டியூரிங் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. அப்பரிசினைப் பெற்றாருள் அவர் மூன்றாமவர். பின்னர் அவர் பெயராலேயே ஒரு பதக்கமும் நிறுவப்பெற்றது. 1988இல் அதனை முதன்முதற் பெற்றவரும் அவரே.

அவர் எவரிடத்தும் அஞ்சாது பேசுபவர். பெல் சாலையின் உணவறையில் இரசாயன அறிஞரோடு அமர்ந்து உண்ணும் வழக்கம் அவருக்கு இருந்தது. அவர்தம் துறையில் முதன்மையான வினாக்கள் யாவை என்று ஒருநாள் வினவினார். சில நாள் கழித்து, அவர்கள் இப்பொழுது ஆராய்வன எவை என்று வினவினார். பின்னும் சில நாள் கழித்து, முதன்மையானவற்றை விடுத்துச் சிறியனவற்றை ஆராய்வது எற்றுக்கு என்று கேட்டார். அதன்பின் அம்மேசையில் அவருக்கு வரவேற்பில்லாது போயிற்று. எனினும் அவருள் ஒருவர் அவ்வினாவை உள்ளத்திற் கொண்டு சிந்தித்து, பின்னர் நன்றி பாராட்டினர் என்பர். பிறரிடம் கேட்ட வினாவைத் தம்மிடமும் அவர் கேட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமைப் பிற்பகலைப் பெரிய பொருள்களைப் பற்றிச் சிந்தித்தற்கென்றே ஒதுக்கி வைத்தார். 1986இல் இவ்வகை எண்ணங்களைத் தொகுத்து அவர் ஆற்றிய பிரசங்கம் ஆராய்ச்சி மாணவரால் இன்றும் படிக்கப்படுகின்றது.

1976இல் பெல் சாலையை விட்டு, கலிபோர்னியாவின் மான்டரே நகரில் உள்ள கடற்படை உயர்கலைச் சாலையில் ஆசிரியராய் அமர்ந்தார். ஆராய்ச்சியிற் புகழ் பெற்றவர் முதுமையில் மீண்டும் வகுப்பறை புகுந்து இளைஞர்க்குக் கற்பித்தமை போற்றற்குரியது. 1997ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வரை கற்பித்து, 1998ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 7ஆம் நாள் மாரடைப்பால் மான்டரேயில் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது எண்பத்திரண்டு.

முடிவுரை

மாணாக்க நண்பர்களே, இப்பெரியார் வாழ்க்கையினின்று நாம் கொள்ளத்தக்கன பல. இரு வாரத்து உழைப்பு வீணாயினபொழுது பழித்து ஒழியாது, அவ்விழப்பையே வினாவாக்கினார். பிழையை மறைக்கவோ அதற்கு நாணவோ அவர் கற்பித்திலர். பிழை நேரும் என்று முன்னரே கொண்டு அதற்கு இடம் வைத்து எழுதுமாறு கற்பித்தார். நம் குறிப்பேடுகளுக்கு ஒரு மறுபடி வைத்தலும், எழுதியதை மீட்டும் ஒரு முறை நோக்குதலும், நம் பிழையை எடுத்துக் கூறும் நண்பரைப் பெறுதலும் நாம் வைத்துக்கொள்ளும் காவற்குறிகளே. அவற்றைச் சுமை என்று தள்ளுவார் தம் பிழையைத் தாம் அறியார். காவற்குறி கூவியவழியும், அறியாத இடத்தைத் திருத்தப் புகாது நின்று, அறிந்த இடத்தைத் தாமதியாது திருத்துவாராயின், இறைவன் நமக்கு அளித்த தாலந்துகள் புதைபடாமற் பெருகும்.